ஸக்ஷூவெக்: பம்பு நின்றபின் நிறைந்த பள்ளம்

போன ஜூன் மாதம் போலந்து நாட்டின் கிராகோவ் நகரத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கி வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. அங்கே வேலை பார்க்கும் மகள் சங்கீதாவைக் கையோடு கூட்டிவரப் போனேன். கூட்டிவரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரியலூர், பெரம்பலூர் பக்கம் பிள்ளைகளை அந்த நாட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருக்கிற பெற்றோர் இப்போது நிறையப் பேர். விசா எப்படி, குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகு வேறு சிலதும் சேர்ந்துகொண்டது.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரியலூரிலிருந்து பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் ஊர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் பம்பு செக்‌ஷனில் இருந்தேன். சுரங்கம் என்றால் உள்ளே குடைந்து போவதில்லை, திறந்த பள்ளம். தோண்டத் தோண்ட ஊற்று சுரக்கும், அதை இரவு பகலாக இறைத்து வெளியே தள்ள வேண்டும். அதுதான் என் உத்தியோகம். நான் இறைத்த இறைப்பில் ஊரைச் சுற்றியிருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. சிமெண்டு ஆலைக்குக் கல் வேண்டும், எனக்குச் சம்பளம் வேண்டும், கிணற்றைப் பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சங்கீதா. இளையவன் அருள், பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கைவிடப்பட்ட எங்கள் சுரங்கத்துத் தண்ணீரில் மூழ்கிச் செத்துப் போனான். பத்தொன்பது வயது. நீச்சல் தெரியாது. எங்கள் காலத்தில் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்குவார்கள். அவன் பிறந்தபோது ஊரில் தண்ணீர் இருந்த கிணறே கிடையாது.

வருடா வருடம் அவனுக்குப் படையல் போடுகிறோம். எங்கள் வகையறாவில் கல்யாணம் ஆகாமல் போனவனுக்குக் கூடப்பிறந்தவள் கையால்தான் புதுத்துணி வைக்க வேண்டும். மூன்று வருடமாகப் பங்காளி வீட்டுப் பெண்தான் வைத்தாள். காரியம் முடிந்த மறுநாள் விமானம் ஏறிய சங்கீதா திரும்ப வரவே இல்லை. லீவு இல்லை என்றாள், டிக்கெட் விலை என்றாள், விசா புதுப்பிக்க வேண்டும் என்றாள். இன்னொன்றும் இருக்கிறது. படையலில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் வைப்பதில்லை. என் மனைவி விஜயா வைக்க விடமாட்டாள். பிள்ளையைத் தின்ன தண்ணியை அவன் இலைக்குப் பக்கத்திலேயே வைப்பேனா என்பாள். இந்த வருடம் தை பிறந்ததிலிருந்தே, "நீங்க நேர்ல போயிக் கூட்டியாங்க. போன்ல சொன்னா அவ வரமாட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு முட்டி வலி, பயணம் முடியாது. நான் கிளம்பினேன்.

அரியலூரில் காலை ஏழே முக்காலுக்கு ரயில் ஏறினேன். பன்னிரண்டேகாலுக்கு எழும்பூர். விமானம் இரவில்தான் என்றாலும் மதியமே மீனம்பாக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். பம்பு ஓட்டியவனுக்கு எதையும் கடைசி நிமிஷத்துக்கு விட வராது. துபாய்க்கு நாலரை மணி நேரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு ஆறு மணி நேரத்தில் கிராகோவ். பையில் விஜயா கொடுத்த எள்ளுருண்டையும், கருவாடும், பருப்புப்பொடியும். கருவாட்டைச் சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். கறி, மீன், பால் சம்பந்தப்பட்ட எதையும் கொண்டுபோகாதீர்கள், வீண்.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் பதினேழு ஸ்லோட்டி, இருபது நிமிடத்தில் நகரத்தின் பெரிய ஸ்டேஷன். ஒரு ஸ்லோட்டி அப்போது நம் ஊர்க் காசுக்கு இருபத்து மூன்று ரூபாய் போல இருந்தது. சங்கீதா நடைமேடையில் நின்றாள். மெலிந்திருந்தாள். "வந்துட்டீங்களாப்பா" என்று பையை வாங்கிக்கொண்டாள். டிராம் பிடித்து ருச்சாய் என்ற அவளுடைய குடியிருப்புக்குப் போனோம். வரிசை வரிசையாகத் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி வீடுகள். நான்காவது மாடியில் ஒன்றரை அறை. ஜூன் மாதத்திலும் எனக்கு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. வெயில் இரவு ஒன்பது மணிக்கும் போக மாட்டேன் என்கிறது, ஆனால் சுடவும் இல்லை.

முதல் நான்கு நாள் அவள் வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியாகக் கோட்டையையும் பெரிய சதுக்கத்தையும் பார்த்தேன். அதைப் பற்றியெல்லாம் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். சாயங்காலம் அவள் வந்ததும், "இந்தத் தடவை வந்துட்டுப் போடா பாப்பா, அம்மா ஏங்கிப் போயிக் கெடக்கா" என்று ஆரம்பிப்பேன். அவள் எழுந்துபோய்க் குக்கரைப் பார்ப்பாள். நான்கு நாளும் இதே கதை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, "வாங்கப்பா, பக்கத்துல ஒரு எடம் காட்டுறேன்" என்றாள். ஜோல்னாப் பையில் ஒரு துண்டை எடுத்து வைத்தாள். துண்டு எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த இடத்தின் பெயர் ஸக்ஷூவெக். புதருக்கு அப்பால் என்று அர்த்தமாம். நகரத்தின் பெரிய சதுக்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்தான், விஸ்துலா நதிக்குத் தென்கரை. டிராமில் போகிறவர்கள் கபெலான்கா நிறுத்தத்தில் இறங்கிப் பதினைந்து இருபது நிமிடம் நடக்கலாம். இருபது நிமிட டிக்கெட் நான்கு ஸ்லோட்டி. எங்களுக்கு வீட்டிலிருந்தே நடக்கிற தூரம். வழியெல்லாம் பழைய ஓட்டு வீடுகளும் புது அடுக்குமாடிகளும் கலந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இது தனிக் கிராமம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நகரத்தோடு சேர்த்தார்கள் என்று சங்கீதா சொன்னாள். அதற்கும் முன்னால் ஆஸ்திரியர்கள் ஆண்டபோது நகரைக் காக்க இங்கே அரண் கட்டியிருக்கிறார்கள். அதன் மண்மேடுகள் மரத்தடியில் இன்னும் தெரிகின்றன.

நடக்க நடக்கக் காலடியில் வெள்ளைக் கல். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். சுண்ணாம்புக்கல். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

மரங்கள் விலகின. கீழே பள்ளம்.

நான் எத்தனையோ பள்ளம் பார்த்தவன். ஆனால் இப்படி ஒன்றைத் தண்ணீரோடு பார்த்ததில்லை. நிமிர்ந்து நிற்கும் வெள்ளைப் பாறைச் சுவர், அதன் காலடியில் பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத தண்ணீர். முப்பது மீட்டருக்கு மேல் ஆழமாம். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு குளங்கள், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. எங்கள் அரியலூர் மண் ஒரு காலத்தில் கடல். அதனால்தான் தோண்டினால் சிப்பியும் நத்தையும் கல்லாகி வரும். இதுவும் கடல்தான், எங்களுடையதைவிடப் பழைய கடல் என்று பலகையில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாள். ஒரு மந்திரவாதி இங்கே பள்ளிக்கூடம் நடத்தினான், அது வெடித்துச் சிதறித்தான் இந்தப் பாறைகள் உண்டாயின என்று உள்ளூர்க் கதை ஒன்றும் இருக்கிறது. எங்கள் வெடிப் பிரிவில் இருந்தவர்கள் கேட்டால் மருந்தை அளவுக்கு மீறி அடைத்திருப்பான் என்பார்கள்.

வரலாறு அத்தனை வேடிக்கையானது இல்லை. இங்கே வெட்டிய கல் பக்கத்தில் இருந்த சலவைச் சோடா ஆலைக்குப் போனது. உலகப்போரில் ஜெர்மானியர் நகரத்தைப் பிடித்தபோது, வேலை அட்டை இல்லாத ஆணைப் பிடித்து எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள். அட்டைக்காகப் படித்த பையன்கள் எல்லாம் இந்தப் பள்ளத்தில் பனியில் நின்று கல் உடைத்திருக்கிறார்கள். போர் முடிந்து பல காலம் வேலை நடந்து, ஆலை மூடியதும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பம்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். தண்ணீர் தானாக ஏறியது. பம்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வாரம் வெறும் சேறு. பிறகு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் நாம் நின்று டீ குடித்த இடம் இருக்காது.

பிறகு முப்பது வருடம் இழுபறி. கட்டடம் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று குடியிருப்பவர்கள் ஒரு பக்கம். கடைசியில் நகராட்சியே நிலத்தை வாங்கிப் பூங்கா ஆக்கியது. இப்போது சுற்றிலும் வேலி, தண்ணீர் மேல் மிதக்கும் மரத்தளங்கள், தளங்களுக்கு நடுவே அடைத்த நீச்சல் குளங்கள், உயிர்காப்பாளர்கள். நுழைவு இலவசம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆளை விடுவதில்லை, சனி ஞாயிறு போவதென்றால் காலையிலேயே போங்கள்.

மேலே ஒரு பூட்டிய கேட் அருகில் காவலர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவருக்குப் பின்னால் புல் மூடிய ஒரு பாதை சரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. அதுதான் ரேம்ப். லாரிகள் கல் ஏற்றி மேலே வரும் சரிவுச் சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எந்தச் சுரங்கத்துக்குப் போனாலும் என் கண் முதலில் அதைத்தான் தேடும். நாலு வருடமாக அப்படி. இந்த வழியை எப்போதிலிருந்து பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று காவலரிடம் கேட்கச் சொன்னேன். சங்கீதா மொழிபெயர்த்தாள்.

"முன்னாடி வேலி பேருக்குத்தான் இருந்துச்சாம்பா. எல்லாரும் ஓட்டை போட்டு உள்ள பூந்து பாறைலேருந்து குதிப்பாங்களாம். இவரு கூடப் படிச்சவரு ஒருத்தரு இங்கதான் போயிட்டாராம்."

"இப்ப இவரு என்ன பண்றாரு?"

"இந்த எடத்துல உக்காந்திருக்காராம். யாரும் எறங்காமப் பாத்துக்கணும். அவ்ளோதான் வேலை."

காவலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

கீழே போனோம். சங்கீதா உடை மாற்றிக்கொண்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலை விட்டு, பிறகு முழுக்க இறங்கிவிட்டாள். எனக்கு அவள் நீந்துவாள் என்றே தெரியாது. அவள் தலை ஒருமுறை உள்ளே போனது. நான் எழுந்துவிட்டேன். "பாப்பா, ஏறு மேல" என்று தமிழில் கத்தினேன். உயிர்காப்பாளர் பெண் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அறுபதை நெருங்கும் ஒரு ஆள் பொது இடத்தில் கத்திக்கொண்டு நிற்பது எனக்கே அவமானமாக இருந்தது. அடக்க முடியவில்லை.

சங்கீதா ஏறி வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா கத்துக்கிட்டேன்பா. தண்ணிக்குள்ள அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

தோளிலிருந்து நழுவிய துண்டை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

"நீங்க ரேம்பை வெட்டலன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

இதை விளக்க வேண்டும். சுரங்கம் மூடும்போது பம்பைக் கழற்றிய பிறகு, ரேம்பின் வாயில் பத்தடிக்குப் பள்ளம் வெட்டி, மண்மேடு போட்டு, ஆள் இறங்க முடியாமல் செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பொக்லைன் ஓட்டும் தனபால் வண்டியோடு வந்து நின்றான். அப்போது ஊர்க்காரர்கள் வந்தார்கள். கெணத்துத் தண்ணியத்தான் எறச்சுப்புட்டீங்க, இந்தத் தண்ணியயாவது ஆடு குடிக்கட்டும் சார், வழிய மூடிப்புடாதீங்க என்றார்கள். கேட்டது நியாயம். அவர்கள் கிணற்றை வற்ற வைத்தவன் நான். தனபாலைத் திருப்பி அனுப்பினேன். ரேம்ப் வெட்டியாச்சு என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் மாட்டுப்பொங்கலுக்கு எனக்குத் துண்டு போர்த்தினார்கள். வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து அந்த வழியாகத்தான் என் பிள்ளை இறங்கிப் போனான்.

வேலியும் வழியும் கம்பெனி பொறுப்பு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். விஜயாவும் நம்பினாள்.

"காரியத்தன்னைக்குத் தனபால் மாமா கொல்லப்பக்கம் நின்னு அழுதுக்கிட்டே எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றாள் சங்கீதா. "உங்க மேல கோவமான்னு கேக்காதீங்க. இருக்கு. ஆனா அதுக்காக வராம இருக்கல. வந்து அம்மா மூஞ்சியப் பாத்தா நான் சொல்லிருவேன். நான் சொல்லி அம்மா தெரிஞ்சுக்கக் கூடாது."

"நான் சொல்லிட்டா?"

"வரேன்."

அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தேன். உப்புச் சுரங்கம், அருங்காட்சியகம் எல்லாம் கூட்டிப் போனாள். எதுவும் மனதில் நிற்கவில்லை. தினமும் காலையில் நான் மட்டும் ஸக்ஷூவெக் போய், பூட்டிய கேட்டுக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். காவலர் ஒருநாள் பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் டீ ஊற்றிக் கொடுத்தார். பால் இல்லாத டீ, வாயில் வைக்க முடியவில்லை, குடித்தேன்.

திரும்பும்போது சென்னையிலிருந்து ரயில் கிடைக்கவில்லை. பஸ்ஸில் பெரம்பலூருக்கு ஐந்தரை மணி நேரம், அங்கிருந்து அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முன்னும் பின்னும் சிமெண்டு லாரிகள். ரோட்டோரக் கருவேலம் எல்லாம் வெள்ளை பூத்து நின்றது. எத்தனையோ வருடமாகப் பார்க்கிற தூசிதான். அன்றைக்கு மட்டும் ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டேன்.

ஆட்டோ சத்தம் கேட்டு விஜயா வாசலுக்கு வந்தாள். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க பாப்பா?"

"வருவா. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

பையைக் கீழே வைக்காமல், நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம். ரேம்ப், தனபால், கையெழுத்து, துண்டு போர்த்தியது எல்லாம். கேட்டு முடித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆட்டுக்கா?"

"ஆமா" என்றேன்.

உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு வருகிறது.

சங்கீதா சொன்னபடி ஜூலை முதல் வாரம் வந்தாள். தம்பிக்கு நீலத்தில் கட்டம் போட்ட சட்டை எடுத்து வந்திருந்தாள். இலை போட்டு, எல்லாம் பரிமாறி, அவள் கையால் சட்டையை வைத்தாள். விஜயா அடுக்களைக்குப் போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். சங்கீதா நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி என்னடி பண்ணுச்சு, பாவம்" என்றாள் விஜயா. "அது மேல போயி இத்தன வருசம் கோவப்பட்டுட்டேன்."

என் பக்கம் அவள் திரும்பவில்லை. கற்பூரம் காட்டும்போது நான் கதவோரமாக நின்றுகொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். விசாவுக்குச் சென்னையில் நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது, நான்கு மாதம் முன்னதாகவே ஆரம்பியுங்கள். பிள்ளையிடமிருந்து அழைப்புக் கடிதமும் காப்பீடும் கட்டாயம். நான் ஊர்சுற்றச் செலவழித்தது டிராம், நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து முந்நூறு ஸ்லோட்டிக்குள். ஸக்ஷூவெக் நீச்சல் குளங்கள் கோடையில் மட்டும் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மேலே சுற்றி நடக்கலாம், காற்று பலமாக இருக்கும். முக்கியமாக, பிள்ளை ஊருக்கு வரமாட்டேன் என்று லீவைக் காரணம் சொன்னால், அதை லீவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு. கல்லான நத்தை, சிப்பி தேடிக் கல்லூரிப் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும் எங்கள் சுரங்கப் பள்ளங்களுக்கு வருகிறார்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம், இறங்கி மேற்கே பத்து நிமிட நடை. ரேம்பை வெட்டச் சொல்லி ஊரில் கேட்டுப் பார்த்தேன். ஆட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபீஸில், காகிதப்படி அது வெட்டியாகிவிட்டதே என்றார்கள். அதனால் நீங்கள் போகும்போது ரேம்பின் வாயில் ஒரு ஆள் பச்சை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். காலை ஏழு மணியிலிருந்து பொழுது சாயும் வரை இருப்பார். ஆடுகளை இறங்க விடுவார். உங்களை விடமாட்டார். அவரோடு வாதாடாமல் திரும்பிப் போய்விடுங்கள்.